மின்னல் கிட்டங்கிக்கு ஓர் ஆட்சேபணை

ஏழாயிரம்பண்ணை
12.06.2025

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ராஜபாண்டியன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அத்தை பத்திரகாளி அம்மாள் என் ஜாதகத்தை எதிர்பார்த்திருப்பார்கள். அது அப்பா வழியாக வந்து சேரும். அதற்கு முன்னால் நான் எழுதிய நாவலை அனுப்புகிறேன். பெயர் ‘மின்னல் கிட்டங்கி’. பெரியப்பாவின் சிவகாசி அச்சகத்தில், காலண்டர் ஆர்டருக்குப் போக மிஞ்சிய அட்டையில் அடித்தது. பின்னட்டையின் உட்புறம் பாதி மயில் நிற்பதற்கு மன்னியுங்கள். மறுபாதி வேறொரு பிரதிக்குப் போய்விட்டது.

எங்கள் பட்டாசு ஆலையில் நான் வேதியியல் பார்க்கிறேன். மின்னல் வெட்டினால் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் அறைகளை விட்டு வந்துவிட வேண்டும். அப்படி வந்து நின்ற ஒரு மழைநாளில், அந்த மின்னலையே ஒருவன் பிடித்து, சரக்குப் பெட்டிகளைப் போலக் கிட்டங்கியில் அடுக்கிவைத்தால் என்ன என்று தோன்றியது. அவன்தான் மந்திரவாதி கொண்டலன். அவன் விரும்பும் தாமிரை வெடிமருந்து கலக்கும் விஞ்ஞானி. மற்றதை நூலில் பாருங்கள்.

ஆடி பிறக்கும் முன் இந்தச் சம்பந்தத்துக்கு ஆம், இல்லை என்று சொல்லும்படி அப்பா கேட்டிருக்கிறார். உங்கள் கருத்தைப் படித்த பிறகுதான் சொல்வேன். ஆலை வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே தாளில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ர. பிரீத்திகா


விருதுநகர்
21.06.2025

செல்வி பிரீத்திகா அவர்களுக்கு,

வணக்கம். நூல் கிடைத்தது. முழுவதும் படித்தேன். இத்தகைய நாவலை நான் இதற்கு முன் படித்ததில்லை. எனவே முன்அனுபவமற்ற வாசகனின் கருத்து என்ற வரம்புக்கு உட்பட்டு இதைத் தாங்கள் ஏற்க வேண்டும்.

நீலச் சுடருக்காகத் தாமிரை பல மாதங்கள் உழைக்கும் அத்தியாயம் சிறப்பு. அவ்விடத்தில் மந்திரம் அவளுக்கு உதவ மறுக்கிறது. மந்திரத்துக்கும் எல்லை வகுத்திருப்பது நல்ல ஏற்பாடு. கிட்டங்கி யார் பெயரில் உள்ளது என்பது மட்டும் நூலில் எங்கும் இல்லை. இது சிறு குறையே.

என் முதன்மையான ஆட்சேபணை வேறு. மருந்து கலக்கும் அறைக்குள் நுழையும் ஒவ்வொருவரும், உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காக, வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொடுகிறார்கள். இது விஞ்ஞானம், ஏற்கிறேன். ஆனால் மின்னலையே அடக்கத் தெரிந்த கொண்டலனும் ஒவ்வொரு முறையும் தொடுகிறான். அவனுக்கு அது எதற்கு? மந்திரம் உண்மையானால் தகடு தேவையில்லை. தகடு தேவையானால் மந்திரம் பொய்.

காதலைப் பற்றிக் கருத்துக் கூறப் போதிய ஆதாரம் இல்லை. கொண்டலன் ஓரிடத்திலும் தன் அன்பை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதை நம்பித் தாமிரை அவனோடு செல்கிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை. அறிய ஆவல்.

தங்கள்,
ச. ராஜபாண்டியன்


ஏழாயிரம்பண்ணை
26.06.2025

மதிப்பிற்குரிய ராஜபாண்டியன் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு முன் என்னைப் பெண் கேட்டு வந்த மூவரும் இந்நூலைப் படித்தார்கள். அவர்கள் கருத்தை முன்பே சொன்னால் சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தது போலாகும் என்று சொல்லவில்லை. கோயம்புத்தூர்க்காரர், மந்திரமா விஞ்ஞானமா, ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். அமெரிக்காவில் இருப்பவர் ‘சூப்பர்’ என்றார். தாமிரை ஆணா பெண்ணா என்று பிறகு கேட்டார். மூன்றாமவர் வீட்டில் அவருடைய அம்மாதான் படித்தார்கள். “கல்யாணத்துக்கு அப்புறம் இதையெல்லாம் விட்டுருவால்ல?” என்று கேட்டு அனுப்பினார்கள்.

தகட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களுக்கு இந்நாவலை வாசித்துக் காட்டுபவர் எங்கள் மேற்பார்வையாளர் முருகேஸ்வரி அக்கா. உங்கள் கடிதத்தையும் வாசித்தார் (தடுக்க முடியவில்லை). “மந்திரவாதிகிட்டயே மூலப்பத்திரம் கேக்காகளே இந்த வக்கீலு. கோயிலுக்குப் போனா சாமிகிட்ட வில்லங்கச் சான்று கேப்பாக போல” என்றார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, “ஆனா ஒண்ணு தாயி, கடைசி வரைக்கும் படிச்சிருக்காக” என்றார்.

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். அதை நான் சொல்ல மாட்டேன்.

பிரீத்திகா


விருதுநகர்
30.06.2025

செல்வி பிரீத்திகா அவர்களுக்கு,

வணக்கம். மறுமுறை படித்தேன். கொண்டலன் தகட்டைத் தொடும் இடங்களில் எல்லாம் தாமிரை வாசலருகே நிற்கிறாள் என்பதைக் கண்டேன். அதன் காரணம் பிடிபடவில்லை. காரணமின்றித் தாங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று கொள்கிறேன்.

வரும் ஞாயிறு அத்தையுடன் தங்கள் இல்லத்துக்கு வருகிறேன். விதிகள் இடமளித்தால் அத்தகைய அறை ஒன்றை நேரில் பார்க்க விரும்புகிறேன். அப்போது உள்ளே வெடிமருந்து இருக்குமா என்பதைத் தயவுசெய்து முன்கூட்டியே தெரிவிக்கவும்.

ச. ராஜபாண்டியன்


ஏழாயிரம்பண்ணை
02.07.2025

இருக்காது. ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமையே அறையைக் கழுவிவிடுவோம். தைரியமாக வாருங்கள்.

பிரீத்திகா


ஏழாயிரம்பண்ணை
07.07.2025

அன்புள்ள ராஜபாண்டியன் அவர்களுக்கு,

நேற்று வீட்டில் எல்லாரும் கேசரியைப் பற்றியே பேசியதில் நாம் பேச முடியவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

அந்த அறையில் ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லை. தரை கழுவிக் காய்ந்து கிடந்தது. நீங்களும் முன்பே கேட்டு உறுதி செய்துகொண்டவர். அப்படியும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றீர்கள். உங்கள் அத்தை, “ஏலே ராசா, உள்ள ஒண்ணுமில்லன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சுல்ல, பெறகு எதுக்கு அதைத் தடவுத?” என்றார்கள். நீங்கள் கையை எடுத்துவிட்டு உள்ளே போனீர்கள். முருகேஸ்வரி அக்கா மட்டும் என் இடுப்பில் இடித்தார்.

அப்பா இன்று காலையும் கேட்டார். ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஏன் தொட்டீர்கள்?

பிரீத்திகா


விருதுநகர்
09.07.2025

அன்புள்ள பிரீத்திகா,

அறையில் மருந்து இல்லை என்பதை நான் அறிவேன். தகட்டைத் தொடுவதற்கு விஞ்ஞானப்படி எந்த அவசியமும் இருக்கவில்லை.

தாங்கள் வாசலருகே நின்றீர்கள். தங்கள் பார்வை என் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. வெற்று அறைதான் என்றபோதிலும் தாங்கள் மூச்சை நிறுத்தியிருந்தீர்கள். ஆண்டுக்கணக்கில் ஒவ்வொருவர் கையையும் அப்படிப் பார்த்து உள்ளே அனுப்பிய பழக்கமாக இருக்கலாம். நான் தொட்டேன். தாங்கள் மூச்சுவிட்டீர்கள். அத்தையிடம் இதைச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில், சாத்தூர் தாண்டிய பிறகுதான் கொண்டலன் நினைவுக்கு வந்தான். அவன் அன்பைச் சொல்லவில்லை என்று எழுதியது என் பிழை. தகட்டைத் தொடும்போதெல்லாம், நூல் முழுவதும், அதைத்தான் அவன் செய்கிறான். இரண்டு ஆட்சேபணைகளையும் நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன்.

கிட்டங்கி யார் பெயரில் உள்ளது என்ற கேள்வி நிற்கிறது.

என் பிரதியில் இருப்பது மயிலின் தலைப்பக்கம். தோகைப்பக்கம் உள்ள பிரதி தங்களிடம் இருக்குமானால், அதை வேறு யாருக்கும் தர வேண்டாம். சட்டப் புத்தக அலமாரியின் இரண்டாவது தட்டை இன்று காலை ஒழித்து வைத்தேன். இரண்டு பிரதிகளுக்கும், இனித் தாங்கள் எழுதப்போகிறவற்றுக்கும் இடம் போதும்.

ராஜபாண்டியன்