கீழத்தெருவில் உயர்ந்த ஒரே கை

அனுப்புநர்:
நீரேற்று நிலைய மோட்டார் பொறுப்பாளர்,
கடைசி வீடு, கீழத்தெரு.

பெறுநர்:
உயர்திரு ஒப்புதல் ஆணையர் அவர்கள்,
ஊர்ச்சபைகளின் தலைமை அலுவலகம்.

பொருள்: கீழத்தெருவைச் சதுப்பு நிலமாக்கும் தீர்மானத்துக்கு நான் தெரிவித்த மறுப்பைத் திரும்பப் பெறுதல், சபையில் கை தூக்கும் முறையை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சபையில் மறுப்பவர் மட்டும் கை தூக்க வேண்டும் என்பதும், ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது என்பதும் தாங்கள் அறிந்ததே. இந்தச் சட்டத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ஆலைப் புகைக்கூண்டுகள் இடிபட்டதும் ஆற்றுக்கு மீன் திரும்பியதும் இதன்படி எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுகளால்தான்.

2. சென்ற ஆண்டு, கரையை உடைத்து எங்கள் தெருவுக்குள் ஆற்றை விடும் தீர்மானம் வந்தது. பதினெட்டு வீட்டாருக்கும் மேட்டுத்தெருவில் புது வீடு தயாராக இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் சம்மதித்தார்கள். நான் மட்டும் மறுத்துக் கை தூக்கினேன்.

காரணம் என் அக்கா. ஏழு வருடம் படுக்கையில் இருந்தவர். கண் பார்வையும் போன பிறகு, கட்டிலை ஒட்டிய சுவரைத் தடவித்தான் இருக்கும் இடத்தை அறிவார். "என்னைத் தூக்கிட்டுப் போனா நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியாதுடி" என்றார். சபைக்கு வர அவரால் முடியாது. ஆகவே நான் கை தூக்கினேன்.

3. அதன் பிறகு எனக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. என் பங்குக் காய்கறி ஒரு கீரைக்கட்டுகூடக் குறையாமல் வந்தது. எதிரே வருபவர்கள் வணக்கம் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பொதுச் சமையலறையில் நான் உட்காரும் பெஞ்சில் எப்போதும் தாராளமாக இடம் இருந்தது. இதை எந்தப் பிரிவின் கீழ் முறையிடுவது என்று சட்டப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். அப்படி ஒரு பிரிவு இல்லை.

4. கடந்த மாதம் அக்கா இறந்துவிட்டார். முறைப்படி எட்டுப் பேர் வந்தார்கள். குழி வெட்டினார்கள், கன்று நட்டார்கள், மண்வெட்டிகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. "சாப்பிட்டியா" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

5. மறுநாள் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் விதைக்கிடங்குக்காரர் மோட்டார் அறைக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "எனக்கும் அன்னிக்கு மனசில்லக்கா. எங்கப்பா கட்டின வீடு. நீங்க கை தூக்கிட்டீங்க, அது போதும்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று போய்விட்டார்.

ஊரோடு ஒத்து வாழ் என்பது சரிதான், ஐயா. ஆனால் மனம் ஒவ்வாமல் கையை மடியிலேயே வைத்திருப்பவர்களையும் சபை சம்மதக் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

6. ஒரு மறுப்பு ஐந்து ஆண்டு செல்லும் என்பது விதி. தாங்கள் அனுமதித்தால் என் மறுப்பை இன்றே திரும்பப் பெறுகிறேன். தண்ணீர் விடும் நாளில் மதகை நானே திறக்கிறேன். அது என் வேலைதான். இனிமேல் சம்மதமோ மறுப்போ, பெயரில்லாச் சீட்டாகப் பெட்டியில் போட ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அடுத்து மறுக்கப்போகிறவருக்கும் வீட்டில் ஒருவர் படுத்திருக்கலாம்.

தங்கள் பதிலைத் தபாலில் அனுப்பாமல் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன். எனக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். இருந்தாலும் அவர் சற்று உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும்.

இடம்: கீழத்தெரு
நாள்: சபை ஆண்டு 31, இரண்டாம் மாதம் 9

இப்படிக்கு,
(கையொப்பம்)
மோட்டார் பொறுப்பாளர்