அழிசியின் பழி கேட்டு விடுத்தது

வளம் பெருகுக, வாய்மை நிலைபெறுக. கடலைக் காவலாகவும் காற்றை ஏவலாகவும் கொண்டு தும்பைநாட்டைப் புரந்தருளும் சுறாக்கொடித் தேவியார் திருமாவளை நாச்சியார், பவழத்துறை வேந்தர் எழிலரையருக்கு அருளிச்செய்த ஓலை. உமது மதில் பழுதின்றி நிற்க. உமது பட்டத்துத் தேவியாரும் மக்களும் நோயின்றி வாழ்க. உமது வயலில் விளைந்தது உமது குடிகளின் வயிற்றுக்கே போய்ச் சேர்க. இவ்வாழ்த்து உமது நாட்டில் உள்ளோர் அனைவருக்கும் உரியது, ஒருவனைத் தவிர. அவன் இன்னான் என்பதைக் கீழே காண்க.

சென்ற வளர்பிறையில் உம் தூதர் கொணர்ந்த ஓலை இங்கு அவையில் படிக்கப்பட்டது. உமது கலப்பட்டறைத் தச்சரையும் கொல்லரையும் பாய் தைப்போரையும் தும்பைநாடு ஆசைகாட்டிக் கவர்ந்து செல்கிறது என்றும், பாதி கட்டிய நாவாய்கள் கரையில் வெயில் காய்கின்றன என்றும், இது நட்பு நாடு செய்யும் செயலன்று என்றும் எழுதியிருந்தீர். தேவியார் முழுவதும் கேட்டபின் சிரித்தார் என்பதை மறைப்பதற்கில்லை. மகிழ்ந்து சிரித்த சிரிப்பன்று அது. உமது பட்டறையைக் காலிசெய்துகொண்டிருப்பது எம் படையன்று, எம் பொன்னும் அன்று. ஒரே ஒரு பெண். அவள் கதையை நீர் கேட்டாக வேண்டும். கேட்டபின் எம்மீது சினம் கொள்வதா, உம்மீதே கொள்வதா என்பதை நீரே முடிவு செய்துகொள்ளும்.

அவள் பெயர் மாசாத்தி. எமது இரும்புனல்துறைப் பட்டறையில் வடம் முறுக்குவோருக்குத் தலைவியாக இருந்தவள். தாயும் தந்தையும் ஒரே புயலில் கடலோடு போய்விட, தம்பி அழிசியை இடுப்பில் சுமந்துகொண்டே வேலைக்கு வந்து வளர்த்தவள். அழிசி வளர்ந்து நல்ல தச்சனானான். மணம் முடித்தான். ஒரு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தை அத்தையைக் கண்டால் தாயின் கையிலிருந்தே தாவிவிடும் என்று ஊரார் சொல்வர்.

அந்நாளில் பட்டறை நாயகமாக இருந்தவன் விடங்கன். குறித்த நாளில் கலம் இறக்குவதில் அவனுக்கு நிகர் இல்லை. அதனால் அவையில் அவனுக்குப் பட்டும் பரிவட்டமும் கிடைத்தன. ஆனால் மனிதர் முகத்தை அவன் பார்த்ததேயில்லை. ஏவும்போதுகூட மரத்தைப் பார்த்தே ஏவுவான். சோர்ந்தவனைச் சோம்பேறி என்பான். அழுதவளைப் பார்த்து நடிக்கிறாள் என்பான். அவன் வரும்போது பட்டறையில் உளிச்சத்தம் கூடும், பேச்சுச்சத்தம் அடங்கும். அவன் அதை ஒழுங்கு என்று எண்ணி மகிழ்ந்தான். அது அச்சம்.

கார்காலத்துக் காய்ச்சலில் அழிசியின் மகள் இறந்தாள். புதைத்த இடத்தின் ஈரம் காயுமுன்பே பட்டறையிலிருந்து ஆள் வந்தது. புதிய நாவாய் இறங்கும் நாள், எவனும் வீட்டில் இருக்கலாகாது என்பது விடங்கன் ஆணை. அழிசி வந்தான். அவனை எங்கே நிறுத்தினார்கள் தெரியுமோ? ஆப்படியில். கரையில் நிற்கும் கலம் சறுக்கிவிடாமல் அடியில் அடித்திருக்கும் பெரிய ஆப்பை, முரசு கேட்டதும் தட்டி உருவிவிட்டு அக்கணமே விலகி ஓட வேண்டிய இடம் அது. கையும் காலும் கருத்தும் ஒன்றாய் இருப்பவன் மட்டுமே நிற்கக்கூடிய இடம்.

தம்பியைப் பார்த்த மாசாத்தி, முறுக்கிய வடத்தைக் கீழே போட்டுவிட்டு விடங்கனிடம் ஓடினாள்.

“நாயகரே, அவன் கண்ணு தொறந்திருக்கு, ஆனா அவன் இங்க இல்ல. கை எப்பிடி நடுங்குதுன்னு பாருங்க. இன்னிக்கு மட்டும் அவனை அங்க நிறுத்தாதீங்க. வேணும்னா நான் நிக்கிறேன்.”

விடங்கன் திரும்பாமலே சொன்னான்: “புள்ள செத்தது அவன் வீட்டுல. கலம் எறங்குறது என் பட்டறையில. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத.”

அவள் காலில் விழுந்தாள். விடங்கன் அவளைத் தாண்டி நடந்தான்.

முரசு முழங்கியது. அழிசி ஆப்பைத் தட்டி உருவினான், அதில் குறையில்லை. ஆனால் விலகவில்லை. சுற்றி நின்றவரெல்லாம் கத்தினர். தன்னை நோக்கி வரும் கலத்தை, யாரோ தெரிந்தவர் வருவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றான் என்று கண்டவர் சொல்வர். நாவாய் குறித்த நாளில், குறித்த நேரத்தில் கடலில் இறங்கியது.

அதற்குப்பின் விடங்கன் செய்ததே பெரும்பாவம். அழிசி கள்ளுண்டு மயங்கி நின்றான் என்று அன்று மாலையே பறைசாற்றினான். கோவன் என்னும் தச்சனை அழைத்து, கண்ணால் கண்டேன் என்று சொல்லவைத்தான். பிணத்தின் வாயில் கள்ளை ஊற்றியதற்கு ஒப்பான அந்தச் சொல்லை, தம்பியின் உடலைத் துணியில் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த மாசாத்தி கேட்டாள். அன்று அவள் அழவில்லை. செய்தி தேவியார் செவிக்கு எட்டி, விடங்கனை அவைக்கு அழைத்துவர ஆள் போனபோது, அவன் ஒரு மீன்படகில் ஏறி உமது துறையை அடைந்திருந்தான். நீர் அவனுக்கு உமது பட்டறையையே கொடுத்தீர். குறித்த நாளில் கலம் இறக்கித் தருவேன் என்று அவன் சொல்லியிருப்பான். அதில் அவன் பொய் சொல்லவில்லை.

அடுத்து யாரை நாயகமாக்குவது என்று தேவியார் பட்டறை மக்களையே கேட்டார். அவர்கள் மாசாத்தியின் பெயரைச் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றாள். தன் நெஞ்சில் இருப்பது நெருப்பு என்றும், அதை வைத்துக்கொண்டு மரக்கூட்டத்துக்குள் போகலாகாது என்றும் சொன்னாள். தேவியார் விடவில்லை.

முதல் நாள் அவள் பட்டறை வாயிலில் நின்றாள். உள்ளே வந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். கோவன் வந்தபோது கூட்டமே நின்றுவிட்டது. அவளுடைய விரல்கள் முறுக்கத் தொடங்கும் வடம்போல் இறுகின. அவன் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னான்:

“அக்கா, அவன் குடிக்கல. குடிச்சான்னு சொல்லலைன்னா அடுத்த ஆப்படியில என்னைத்தான் நிறுத்துவேன்னு நாயகர் சொன்னாரு. பயந்துட்டேன். என்னை என்ன வேணாலும் செய்யுங்க.”

அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். பிறகு, “உன்னை மன்னிக்க என்னால முடியாது கோவா. ஆனா பயந்தவனை அடிச்சா அது விடங்கன் செய்யிற வேலை. அதை அவனுக்காக நான் செய்ய மாட்டேன். உள்ள போ, உளியை எடு,” என்றாள். ‘அழிசி குடிக்கவில்லை’ என்று அன்று கோவன் தானே ஒவ்வொரு கொட்டகையாகப் போய்ச் சொன்னான். அவள் ஏவவில்லை.

அவள் பட்டறையை நடத்தும் முறையைக் கேளும், எழிலரையரே. பொன் கொடுத்தாலும் நீர் இதை விலைக்கு வாங்க இயலாது. கலம் இறக்கும் காலையில் அவள் எல்லாரையும் கூட்டி நிறுத்துவாள். “யாருக்கு இன்னிக்கு மனசு சரியில்ல?” என்று கேட்பாள். கை தூக்கியவனைக் காரணம் கேட்பதில்லை, கேலி செய்ய விடுவதும் இல்லை. ஆபத்தில்லாத வேறு வேலைக்கு மாற்றுவாள். முதன்முறை ஒரு கையும் எழவில்லை. “அப்ப நான் தூக்குறேன்,” என்று அவளே கையைத் தூக்கி, ஆணையிடும் இடத்தைப் பெருந்தச்சனுக்குக் கொடுத்துவிட்டு, வடம் இழுப்பவரோடு போய் நின்றாள். அடுத்தமுறை பல கைகள் எழுந்தன. கலம் இறங்கக் காலம் தாழ்ந்தது. அவையில் சிலர் முணுமுணுத்தனர். ஆனால் அன்றுமுதல் இன்றுவரை ஆப்படியில் ஓர் உயிரும் போகவில்லை. இப்போது எம் பட்டறையில் உளிச்சத்தத்தோடு பாட்டும் கேட்கிறது. வேலையும் முன்னைவிட விரைந்து நடக்கிறது.

இவ்வளவு செய்தவளின் நெஞ்சு ஆறிவிட்டது என்று எண்ணாதீர். பிறர் துயரைக் கேட்கக் கேட்க அவள் சினம் வளர்ந்தது. ஒவ்வொருவன் முகமும் இவ்வளவு எளிதாய்ப் படிக்கக் கிடக்கிறதே, ஒரு நொடி திரும்பிப் பார்த்திருந்தால் போதுமே என்பது அவளைத் தின்றது. உமது நாட்டின்மேல் படை அனுப்பட்டுமா என்று தேவியார் கேட்டார். மாசாத்தி மறுத்தாள்.

“வேணாம் தாயே. படை போனா அங்கயும் யாரோ ஒருத்தியோட தம்பிதான் சாவான். விடங்கன் பெருமையெல்லாம் பட்டறைதானே? அதை ஆளில்லாம ஆக்குறேன். அவன் கத்துறதைக் கேக்க மரம் மட்டும்தான் அங்க மிஞ்சணும்.”

பிறகு அவள் செய்தது இவ்வளவே. உப்பு வணிகரிடமும் வலைகாரரிடமும் உமது பட்டறைக்கு ஒரு சொல் அனுப்பினாள். கூலி உயர்த்தித் தருவதாகவோ நிலம் தருவதாகவோ சொல்லவில்லை. “மனசு கனக்கிறவங்க இங்க வாங்க, கேக்க ஆள் இருக்கு,” என்பதே அச்சொல். முதலில் உமது பாய் தைக்கும் பெண்கள் வந்தனர். பின்பு கொல்லர் குடும்பத்தோடு வந்தனர். கடைசியில் உமது பெருந்தச்சர் ஆதனாரே வந்தார். வந்தவர் அவள் முன் உட்கார்ந்து, மனைவி இறந்த அன்றும் தன்னை விடங்கன் வீட்டுக்கு விடவில்லை என்று சொல்லிக் குழந்தைபோல் அழுதார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தன்னைவிட மூத்த ஒருவர் அழுவதைப் பார்த்த அந்நேரம் அவள் கண்ணில் இருந்தது இரக்கம் மட்டுமன்று என்று உடனிருந்தோர் சொன்னார்கள்.

ஆதலின் எழிலரையரே, உமது மக்களை எவரும் கவரவில்லை. விடங்கன் விரட்டினான், மாசாத்தி கதவைத் திறந்துவைத்தாள்.

இனித் தேவியாரின் ஆணை. இவ்வோலை கண்டதும் விடங்கனை விலங்கிட்டு இரும்புனல்துறைக்கு அனுப்புக. அவன் தலை எமக்கு வேண்டா. அவனுக்குரிய தண்டனையை மாசாத்தியே சொல்லியிருக்கிறாள். அவன் பட்டறை மக்கள் முன்னே நின்று, அழிசி குடிக்கவில்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பின் கலம் இறங்கும் நாளில் ஆப்படியில் நிற்க வேண்டும். அவன் கை நடுங்கினால் அவள் எல்லார் முன்னிலையிலும் அவனை விலக்கி நிறுத்துவாள். தான் செய்ய மறுத்தது எவ்வளவு சிறிய செயல் என்பதை அவன் தன் உடம்பால் அறிய வேண்டும். அறிந்தபின் நெடுங்காலம் உயிரோடிருக்க வேண்டும். இதைவிடக் கொடிய தண்டனையை எம் அறநூலார் எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

அனுப்ப மனமில்லையாயின் அவனை வைத்துக்கொள்ளும். போர் வராது. தும்பைநாட்டு வாள் ஒன்றும் உறை கழலாது.

இவ்வோலையைக் கொண்டுவருபவர் உமது பெருந்தச்சராய் இருந்த ஆதனார். அவர்மேல் ஒரு கை படினும் தேவியார் இவ்வோலையில் சொன்ன பொறுமை அக்கணமே முடிந்தது என்று கொள்க. உமது அவையில் இதைக் கொடுத்துவிட்டு, அரசவீதி வழியாக வராமல், பட்டறையின் நடுவழியாகவே அவர் துறைக்குத் திரும்புவார். யாரையும் அழைக்க மாட்டார், யாரோடும் பேச மாட்டார். அவர் நடந்துபோகும்போது எத்தனை பேர் உளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பின்னால் வருகிறார்கள் என்பதை உமது மேல்மாடத்தில் நின்று பார்த்துக்கொள்ளும். விடங்கனையும் அருகில் நிறுத்திக்கொள்ளும். ஒருமுறையேனும் அவன் மனிதர் முகத்தைப் பார்க்கட்டும்.

இது தேவியார் திருவாய்மொழிந்தபடி ஓலைநாயகம் கண்ணந்தை எழுதியது. சுறா முத்திரை வைத்தோம். இச்சொல் மாறாது.