மலைப் படம் போட்ட டப்பா

இல்லை அக்கா, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஐந்து நாளாகிறது. சொல்லாமல் இருப்பது இவ்வளவு சுலபமா? உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மேசை மேல் டப்பா இருக்கிறது. கோயிலைச் சுற்றிய கடைகளில் குங்குமம் போட்டு விற்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பா. மூடியில் மலை, அதற்கு முன்னால் கோபுரம். உள்ளே குங்குமம் இல்லை, வெள்ளைக் களிம்பு. மேலே பன்னீர் வாசனை, அடியில் மருந்துக்கடை வாசனை. போன வியாழக்கிழமை உங்கள் மகள் பவித்ரா என் கையில் திணித்து அனுப்பியது. "அம்மா செய்யறதேதான். அதே பக்குவம்," என்றாள்.

திறந்தேன். கன்னம் தானாக எரிந்தது. தோலுக்கு ஞாபகசக்தி அதிகம்.

முதல் முறை உங்கள் பார்லருக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. தேரடி வீதியிலிருந்து பிரியும் சந்தில், மாடிப்படி ஏறி, பச்சைத் திரை. கல்லூரியில் சேர்ந்த வருடம். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வெயில் விழும் பக்கத்து ஜன்னல். நெற்றி நிறையப் பருக்கள், ஆறியவற்றின் கறுப்புத் தழும்புகள், கையால் தடவினால் சொரசொரக்கும் கன்னம். எலுமிச்சை தேய்த்திருந்தேன். சர்க்கரை தேய்த்திருந்தேன். பற்பசைகூட. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் எல்லாப் பெண்களிடமும் எனக்கு ஒரு வைத்தியம் இருந்தது.

புருவம் திருத்தத்தான் வந்தேன். நீங்கள் என் தாடையைப் பிடித்து டியூப் லைட் பக்கம் திருப்பினீர்கள்.

"இன்னாடி மூஞ்சி இது. வேர்க்கடலத் தோலாட்டம் கீது."

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நீங்கள் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "வுடு, நான் பாத்துக்கறேன்," என்றீர்கள். அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. வைத்தியம் சொன்னவர்கள் உண்டு. பார்த்துக்கொள்வதாகச் சொன்னது நீங்கள்தான்.

விளக்கு வைத்த நேரத்தில், முகம் கழுவிவிட்டு, பட்டாணி அளவு. ஜாஸ்தி வேண்டாம். இதுதான் நீங்கள் சொன்ன முறை. பத்தே நாளில் பருக்கள் அமுங்கின. முகம் வெளுத்து, வழவழப்பானது. வகுப்பில் பெயர் தெரியாமல் இருந்தவர்களுக்கும் என் பெயர் தெரிந்தது. மூடியில் மலைப் படம் இருந்ததால் அம்மா அந்த டப்பாவைச் சாமி மாடத்தில் வைத்தாள். குளிக்காமல் தொடக் கூடாது என்றாள். தீர்ந்த டப்பாக்களையும் தூக்கிப்போடவில்லை. மூன்று வருடத்தில் ஒரு வரிசையே சேர்ந்தது. எங்கள் வீட்டில் கற்பூரம் காட்டியபோதெல்லாம் உங்கள் களிம்புக்கும் சேர்த்துத்தான் காட்டினோம்.

உங்களை வெறுப்பதற்கு முன்னால் எனக்கு உங்களைப் பிடித்திருந்தது. அதையும் எழுத வேண்டும். மாலை பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும். உங்கள் கடையில் உட்கார்ந்து படிப்பேன். நீங்கள் டிபன் பாக்ஸைத் தள்ளிவைப்பீர்கள், பாதி எலுமிச்சை சாதம் இருக்கும். "படிக்கிறவ வயித்தக் காயப்போடாத." எல்லோருக்கும் நீங்கள் அக்கா. என் வயதில் மகள் இருந்தும் எனக்கும் அக்கா.

அந்தச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அது நடந்தது.

பவித்ரா ஏதோ கல்யாணத்துக்குப் போக வேண்டும். மோவாயில் ஒரே ஒரு பரு. அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, திறந்து, விரலை விட்டாள். கடைசி நாற்காலியில் யாருக்கோ புருவம் திருத்திக்கொண்டிருந்தீர்கள். பல்லில் கடித்த நூல் தொங்க, மூன்றே எட்டில் வந்து, அவள் மணிக்கட்டில் ஓங்கித் தட்டினீர்கள். டப்பா நாற்காலிக்கு அடியில் உருண்டது. அவள் விரலைப் பிடித்து முந்தானையால் துடைத்தீர்கள். நுனியில், நகக்கண்ணில், ரேகை ரேகையாக.

"உனக்கு இன்னாத்துக்குடி இது. தண்ணி ஊத்தி மூஞ்சி கழுவு, போதும்."

பிறகு குனிந்தீர்கள். டப்பாவை எடுத்து மூடினீர்கள். என் பையில் போட்டீர்கள்.

சாதத்தை மென்றுகொண்டிருந்தேன். பவித்ராவுக்கு நல்ல தோல், அவளுக்கு இது தேவையில்லை என்று நினைத்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது, என் முகத்தைப் பற்றி. அப்படி நினைத்தபடியே கல்லூரி முடியும் வரை பூசினேன்.

எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போனேன். டப்பா தீர்ந்தது. ஆறாம் நாள் முகம் சிவந்தது. பத்தாம் நாள் கழுவத் தண்ணீர் பட்டாலே எரிந்தது. வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சீழ்ப் பருக்கள். உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் பதறவில்லை. "நிறுத்தினதால வந்தது. வுடாம போடு, கம்மி ஆயிடும்," என்றீர்கள். நிறுத்தினால் இப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. மறுநாளே பஸ்ஸில் டப்பாவை அனுப்பிவைத்தீர்கள்.

அதைத் தோல் டாக்டரிடம் கொண்டுபோனேன். என்ன மருந்து என்று கேட்டார். பெயர் தெரியாது, மலைப் படம் போட்டிருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. முகர்ந்து பார்த்தார். படை, அரிப்புக்கு டாக்டர் சொல்லிச் சில நாள் மட்டும் பூச வேண்டிய ஸ்டீராய்டு களிம்பாகத்தான் இருக்கும், வேறு எதையோ சேர்த்துக் குழைத்திருக்கிறார்கள், இது தோலை மெலிதாக்கியிருக்கிறது என்றார். கன்னத்தில் ஓடிய சிவப்பு நரம்புகளைக் கண்ணாடியில் காட்டினார். யார் கொடுத்தது என்று கேட்டார்.

தெரிந்தவர்கள் என்றேன். அப்போதும் உங்களைக் காப்பாற்றினேன் அக்கா. அந்த ஒரு பதிலுக்காக என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் இருக்கிறது.

அவர் எழுதிக்கொடுத்த தாளில் சில வரிகள்தான். காலையில் நுரை அதிகம் வராத, வாசனை இல்லாத ஃபேஸ்வாஷ். தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். அதன் மேல் சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்கு. மாலையில் மறுபடி கழுவி மாய்ஸ்சரைசர். பழைய களிம்பை அவர் மேற்பார்வையில் குறைத்து, அவர் தந்த வேறு மருந்துக்கு மாற வேண்டும். எலுமிச்சை இல்லை, ஸ்கிரப் இல்லை, பார்லர் இல்லை. மூன்று மாதம் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது.

அது ஏமாற்றமாக இருந்தது. எனக்கு நடந்த பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சிறிய பதிலா? ஆனால் செய்தேன். முதல் மாதம் எரிச்சல். இரண்டாம் மாதம் செதில் செதிலாக உரிந்தது, பிய்க்காமல் கையைக் கட்டிக்கொண்டேன். நான்காம் மாதம் டாக்டர் பருவுக்கு ஒரு மருந்தைச் சேர்த்தார். முதலில் தாடைக்குக் கீழே ஒரு வாரம் பூசிப் பார்த்து, பிறகு வாரம் இரண்டு நாள் மட்டும் முகத்துக்கு. பட்டாணி அளவு என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

பொறுமைக்காரி என்று விடுதியில் பெயர் வாங்கினேன். பொறுமை ஒன்றும் இல்லை. பழி. முகம் கழுவும்போதெல்லாம் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பழகினேன். முகம் முழுசாக ஆறியதும் ஊருக்கு வருவேன். மாடிப்படி ஏறுவேன். எல்லா நாற்காலிகளிலும் ஆள் இருக்கும் நேரமாகப் பார்ப்பேன். அதே டியூப் லைட்டுக்குக் கீழே நின்று கேட்பேன்: "அன்னிக்கு பவித்ரா கைய ஏன் தட்டுனீங்க?"

முகம் ஆறாமல் வரக் கூடாது. சொரசொரத்த கன்னத்தோடு வந்து நின்றால் நீங்கள் மறுபடி தாடையைப் பிடித்துத் திருப்பிவிடுவீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேனோ என்று பயம். ஆகவே காத்திருந்தேன். நெற்றி தெளிந்தது. இடது கன்னம் மிருதுவானது. மங்கிக் கிடந்த நிறத்தில், என்னுடைய மாநிறத்தில், கொஞ்சம் உயிர் வந்தது. வலது கன்னத்தில் தழும்புகள் பாக்கி. இன்னும் இரண்டு மாதம் என்று டாக்டர் சொன்னார்.

பங்குனியில் நீங்கள் இறந்துவிட்டீர்கள். மாரடைப்பு. கடையிலேயே, கையில் நூலோடு.

என் தோல் மெதுவாக ஆறியது அக்கா. நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். மாலை போட்ட உங்கள் படத்தில் ஸ்டூடியோக்காரர் எல்லாச் சுருக்கத்தையும் வழித்து எடுத்திருந்தார். ஊரில் பாதிப் பெண்களை மணப்பெண்ணாக்கிய கை என்று யாரோ சொல்லி அழுதார்கள். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். உங்களுக்கு எதிராக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அன்று முடிந்தது அவ்வளவுதான்.

இனி போன வியாழக்கிழமை.

படிப்பு முடிந்து ஊரில் இருக்கிறேன். தேரடி வீதிக்குப் பக்கத்தில் அறை எடுத்து ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். புருவம் திருத்த உங்கள் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். பவித்ரா நாற்காலியைச் சாய்த்து, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு என்மேல் குனிந்தாள். ஒரு சாண் தூரத்தில் அவள் முகம்.

வெளுப்பு. ஒரு மாதிரியான பளபளப்பு. கன்னத்து மேட்டில் நூல் நூலாகச் சிவப்பு. உதட்டோரம் இரண்டு மூன்று பொடிப் பருக்கள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த முகத்தை நான் மூன்று வருடம் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"அம்மா இருந்த வரைக்கும் தொடவே வுடல," என்றாள். "இப்ப நானே கலக்கறேன், நானே போடறேன். போட்டா அம்மா தடவிவுட்ட மாதிரி கீது. நல்லாருக்குல்ல?"

அவள் தலைக்கு மேலே நீங்கள், மாலையோடு, சுருக்கமில்லாமல்.

"இருக்கு," என்றேன்.

படி இறங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க மாட்டேன். குடை பிடித்துக்கொண்டு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை நடந்தேன். மலைப் பாறை அனலை வீசியது. மனதுக்குள் நாட்காட்டி ஓடியது. இன்னும் ஆறு வாரத்தில் பருக்கள் பெருகும். பிறகு வெயில் பட்டாலே எரியும். பயந்து நிறுத்துவாள். நிறுத்திய ஆறாம் நாள். எல்லாம் உங்கள் படத்துக்குக் கீழேயே, உங்கள் பக்குவத்திலேயே. நான் கையை அசைக்கக்கூட வேண்டாம். ஐந்து நாள் ‘இருக்கு’ என்ற அந்த ஒற்றைச் சொல் எனக்குள் இனித்தது.

இன்று காலை முகம் கழுவினேன். ஒற்றினேன். மாய்ஸ்சரைசரை எடுத்தபோது விரல் நுனியைப் பார்த்தேன். உங்கள் முந்தானை ஞாபகம் வந்தது. அவள் கையைத் தட்டியது அல்ல, அதற்குப் பிறகு துடைத்ததுதான். ரேகை ரேகையாக. இத்தனை வருடமும் நான் ஏங்கியது அதற்குத்தான் போலிருக்கிறது. என் விரலை யாராவது அப்படித் துடைத்திருக்க வேண்டும். அன்று ஒரே அறையில் இரண்டு பெண்கள் இருந்தோம். நீங்கள் ஒருத்தியைத்தான் பார்த்தீர்கள்.

வியாழக்கிழமை நானும் உங்களைப் போலத் தெரிந்தே டப்பாவை மூடி ஒருத்தியின் பையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உங்களை மன்னிக்கவில்லை. பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். மணி ஒன்பதரை. பத்துக்குக் கடை திறப்பாள். மீதியை வந்து எழுதுகிறேன்.

மாலை.

போனபோது கடையில் ஆள் இல்லை. பவித்ரா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். டப்பா திறந்திருந்தது. விரல் உள்ளே போகப்போகும் நேரம். யோசிக்கவில்லை. மணிக்கட்டில் ஓங்கித் தட்டினேன். டப்பா உருண்டது.

அவள் கோபப்படவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். களிம்பில் என்ன இருக்கிறது, மூன்று வருடம், ஆறாம் நாள், டாக்டர் காட்டிய கண்ணாடி. வியாழக்கிழமை நான் சொன்னது பொய் என்பதையும். அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது, பாவம் என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயில் உங்கள் பெயர் என்னவாக இருக்கப்போகிறது என்பது அந்த நிமிடம் என் கையில் இருந்தது. உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியும். அதான் உன் கையத் தட்டுனாங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எடுத்து உன் பையில போட்டாங்க," என்றாள். "பாத்தேன்டி. எனக்குத் தராம உனக்குத் தர்றாங்களேன்னு அன்னிக்கு அழுதேன்."

நான் சேர்த்துவைத்த வாக்கியம் அதோடு தீர்ந்துபோனது. உங்களிடம் கேட்க இனி எதுவும் இல்லை. உள்ளங்கையில் மட்டும் தட்டிய சூடு இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அலமாரியில் இருந்த டப்பாக்களை வழித்துக் காகிதத்தில் கொட்டிச் சுருட்டினோம். மூடிகளைத் தூக்கிப்போட இருவருக்கும் மனம் வரவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்தோம். உள்ளூர்த் தோல் டாக்டருக்குக் காட்ட ஒரு டப்பாவை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். அவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், புதிதாக எதையும் பூசவும் வேண்டாம் என்று சொன்னேன். இதுவரை இந்தக் களிம்பை வாங்கிப்போனவர்களின் பெயர்களை அவள் ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டேன். இருபத்தாறு பேர் வரை வந்தது. பிறகு வேலூர் ரோட்டில் இருக்கும் அந்த டாக்டருக்குப் போன் செய்து, திங்கட்கிழமை காலைக்கு அவள் பெயரைப் பதிந்தேன்.