ஒத்திகையில் நான்தான் துப்பாக்கிக்காரன்

9 ஜனவரி 2019, புதன்

காலை ஐந்தரைக்கே பள்ளிக்கூடம் போய்விட்டேன். நேற்றிலிருந்து விடாத பனி. முன்வாசல் படிகளில் வழுக்காமலிருக்க உப்பு தூவி முடிப்பதற்குள் முதல் பஸ் வந்துவிட்டது. கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் மறுபடியும் முனகுகிறது. நான்காம் வகுப்பில் யாரோ வாந்தி. இடுப்பு வலி. இந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்துப் பழுது பார்க்கும் வேலையில் எனக்கு இது இருபத்தோராவது குளிர்காலம்.

ஒன்பதாம் அறையில் ஒன்றாம் வகுப்பு. அங்கே ஜூனி என்று ஒருத்தி, முன்பல் இரண்டும் விழுந்தவள். தினமும் எனக்கென்று ஒரு கேள்வி கொண்டுவருவாள். இன்றைக்கு: "மிஸ்டர் மெர்ல், பள்ளிக்கூடம் தூங்குமா?"

"தூங்கும். காலைல நான்தான் எழுப்புறேன்."

"அடிச்சா எழுப்புவீங்க?"

"சேச்சே. லைட்டைப் போட்டு."

16 ஜனவரி, புதன்

தலைமை ஆசிரியை திருமதி ஸ்ட்ராட்டன் கூப்பிட்டார். போனால் ஷெரீப் அலுவலகத்துப் போலீஸ் அதிகாரி போலனும் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை ஆயுதக்காரன் ஒத்திகை, துப்பாக்கியோடு எவனாவது பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தால் எப்படிப் பூட்டி ஒளிவது என்று பழகுவது. வருஷா வருஷம் நடப்பதுதான், ஆனால் இந்த முறை நிஜம் மாதிரியே நடத்தப் போகிறார்களாம். துப்பாக்கிக்காரனாக நடிக்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல்.

"நீங்கதான் மெர்ல். கண்ணைக் கட்டி விட்டாலும் இந்தக் கட்டடத்துல நடந்துடுவீங்க" என்றார் ஸ்ட்ராட்டன்.

ஆசிரியர்களுக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லப் போவதில்லை. பெற்றோருக்கு அனுப்பிய மாதாந்திரக் கடிதத்தில் கடைசியில் ஒரு வரி.

"சின்னப் பிள்ளைங்க பயந்துக்குமே" என்றேன்.

"பயந்தாத்தான் மனசுல நிக்கும், பெரியவரே. நிஜமா வர்றவன் சொல்லிட்டா வருவான்?" என்றார் போலன்.

செய்திகளை நானும்தான் பார்க்கிறேன். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி டார்லா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பிள்ளைங்களைச் சுடச் சொன்னாங்களா? உன்னையா?"

"வெத்துத் தோட்டாதான், சத்தம் மட்டும்தான்."

"நீதான் வெத்து ஆளு." சிரிக்காமல் சொன்னாள்.

18 ஜனவரி, வெள்ளி

முடிந்தது. பதினோரு நிமிடம். எழுதப் பிடிக்கவில்லை.

20 ஜனவரி, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இடுப்பு வலி என்று டார்லாவிடம் சொன்னேன்.

எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்குமோ என்று பார்க்கிறேன்.

போலனின் கறுப்புக் கோட்டு. கண் மட்டும் தெரிகிற கம்பளி முகமூடி. நடைவழியில் மூன்று முறை சுடச் சொன்னார், சுட்டேன். வெற்றுத் தோட்டாவுக்கே காது அடைத்துப் போனது. எல்லா அறையிலும் விளக்கு அணைந்தது. ஒவ்வொரு கைப்பிடியாக உலுக்கிக்கொண்டே போக வேண்டும், போலன் பின்னால் குறித்துக்கொண்டே வருவார். எட்டு அறையும் பூட்டியிருந்தது. ஒன்பதாம் அறைக் கதவு திறந்துகொண்டது. பூட்டு கவ்வவில்லை.

மிஸ் ஆல்ட்மனுக்கு இருபத்து நான்கு வயது. கையில் கத்தரிக்கோலோடு எனக்கு முன்னால் நின்றாள். ஒத்திகை என்று தெரிந்தும் அதைக் கீழே இறக்கவில்லை. அவளுக்குப் பின்னால் மூலையில், இருட்டில், பத்தொன்பது பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக.

ஜூனி என் நடையைப் பார்த்துவிட்டாள். எனக்கு இடது கால் இழுக்கும்.

"மிஸ்டர் மெர்ல்?" என்றாள். பிறகு, "நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

நான் கதவை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் போலன் சொன்னார்: "பாத்தீங்களா? ஒத்திகை வெச்சதாலதான் அந்தப் பூட்டு சரியில்லைன்னு தெரிஞ்சுது." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று, இந்த மூன்று அறைப் பூட்டும் மாற்ற வேண்டும் என்று போன ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். ஏன் வாய் திறக்கவில்லை? தெரியவில்லை. களைப்பு.

22 ஜனவரி, செவ்வாய்

மூன்று பூட்டும் மாற்றியாகிவிட்டது. ஒன்றுக்குக் கால் மணி நேரம். அவ்வளவுதான் வேலை.

24 ஜனவரி, வியாழன்

நடைவழியில் நான் வந்தால் ஒன்றாம் வகுப்பு வரிசை சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுவாக நடக்கிறது.

பத்து மணிக்கு ஒன்பதாம் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஜூனி உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டாள். கழிப்பறைக்குப் போக என் சாமான் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்று நாளாக அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். வாளியும் துடைப்பமுமாகக் கதவருகே போனேன். உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

மிஸ் ஆல்ட்மன் வெளியே வந்து கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். "மெர்ல்... வாளியை இங்கயே வெச்சிடுங்க. நான் தொடைச்சிக்கிறேன்." என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் முடியவில்லை போல.

31 ஜனவரி, வியாழன்

"ஒரு வாரத்துல மறந்துடுவாங்க" என்றார் ஸ்ட்ராட்டன். இன்றைக்குப் பதிமூன்று நாள். வயிற்று வலி என்று நர்ஸ் அறைக்கு வருகிறவர்கள் குறையவில்லை.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் மட்டும் என் தோளைத் தட்டினார். "என் பசங்க மூச்சு விடல, மெர்ல். மேசையெல்லாம் இழுத்துக் கதவுல அடுக்கிட்டாங்க. இனிமே எனக்கு நம்பிக்கை இருக்கு." அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பையன்கள் அதைப் பற்றி உற்சாகமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அப்படியென்றால் எது சரி?

இப்போதெல்லாம் மதியச் சாப்பாடு பாய்லர் அறையில்.

5 பிப்ரவரி, செவ்வாய்

"எதையோ மறைக்கிற. முப்பத்தி நாலு வருஷம் உன்கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றாள் டார்லா. சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

கதவை மூடிவிட்டு வந்தேன் என்று எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் சுட்டேன்.

அந்தப் பிள்ளை கேட்ட பிறகு. போலன் பின்னாலிருந்து "நிக்காதீங்க, நிக்காதீங்க" என்றார். கை தூக்கியபடிதான் இருந்தது. கூரையைப் பார்த்துக்கூட இல்லை, நேராக. விரல் இழுத்துவிட்டது. அந்தச் சின்ன அறையில் அந்தச் சத்தம். மிஸ் ஆல்ட்மன் முழங்காலில் விழுந்தாள். ஒரு பிள்ளைகூட அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லையே. ஏன் அழவில்லை?

டார்லா அடுப்பை அணைத்தாள். பிறகு, "அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் வர்றேன், கார்ல உக்காந்திருக்கேன்" என்றாள்.

8 பிப்ரவரி, வெள்ளி

ஜூனியின் அம்மா டெசா சலவைக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கேயே போனேன். நடந்ததைச் சொன்னேன். துண்டுகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"தெரியும். அன்னைக்கே சொல்லிட்டா."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்க வந்தேன்."

"உங்க மேல கோபம் வரமாட்டேங்குது. வந்தா நல்லாயிருக்கும்." இன்னொரு துண்டை எடுத்தாள். "முன்னப்பின்ன தெரியாதவனா இருந்தா, அவன் கெட்டவன்டி, போயிட்டான்னு சொல்லித் தேத்திருப்பேன். அவளுக்கு உங்களை அவ்ளோ பிடிக்கும், மெர்ல். இப்ப நான் அவளை யாரை நம்பச் சொல்றது?"

துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று ஓடி நின்றது. அவள் அதைக் காலி செய்யப் போனாள்.

12 பிப்ரவரி, செவ்வாய்

பள்ளி வாரியக் கூட்டம், உடற்பயிற்சிக் கூடத்தில். நூற்றிருபது மடக்கு நாற்காலி போட்டேன். போதவில்லை.

பெற்றோர் நிறையப் பேர் கத்தினார்கள். பிறகு கெல்லர் என்ற அப்பா எழுந்தார். அவர் தங்கை வேறொரு மாநிலத்தில் ஆசிரியை. அவள் பள்ளிக்கூடத்துக்கு நிஜமாகவே ஒருவன் வந்தானாம். "என் தங்கச்சி சொன்னா, அந்த நேரத்துல மூளை வேலை செய்யல, கைதான் செஞ்சுதுன்னு. பழகின கை. கதவைப் பூட்டுச்சு. இருபது பிள்ளைங்க வீட்டுக்குப் போச்சு. இதை நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்றீங்க?" அழுதார். அவரை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அப்புறம் நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. டார்லா என் கோட்டைப் பிடித்து இழுத்தாளா, தள்ளினாளா, அதுவும் தெரியவில்லை.

"நான்தான் அந்த ஆளு" என்றேன். கூடம் அடங்கியது. ஜூனியின் பெயரைச் சொல்லாமல், ஒரு பிள்ளை என்னைக் கேட்டதைச் சொன்னேன். கேட்ட பிறகும் சுட்டதைச் சொன்னேன். "கெல்லர் சொன்னது நெசம். பூட்டப் பழகட்டும். தினமும்கூடப் பழகட்டும். அதுக்குத் துப்பாக்கிச் சத்தம் எதுக்கு? பூட்டு கெட்டிருக்குன்னு கண்டுபிடிக்கப் பிள்ளைங்களைச் சுட வேண்டாம். ஆகஸ்டுலயே எழுதிக் கொடுத்தேன்."



வாரியத்தில் நாலு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு என்று முடிவானது. ஒத்திகை தொடரும். சத்தம், முகமூடி, துப்பாக்கி எதுவும் கூடாது. முன்கூட்டியே பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்ல வேண்டும்.

கூட்டம் கலைந்தபின் போலன் வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, பெரியவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்று வரிசை நாற்காலிகளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

13 பிப்ரவரி, புதன்

ஸ்ட்ராட்டன்: "என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. எழுதி."

மேசைமேல் காகிதத் தட்டில் கிடந்த கட்டைப் புரட்டினார். அடியில் இருந்தது என் தாள். கையெழுத்து என்னுடையதுதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுன்னுதான் நெனச்சேன், மெர்ல்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றேன்.

6 மார்ச், புதன்

மிஸ் ஆல்ட்மன் என்னை வகுப்புக்குக் கூப்பிட்டாள். முகமூடியையும் கொண்டுவரச் சொன்னாள். தரையில் உட்கார்ந்தேன், எழுந்திருப்பது பெரும்பாடு என்று தெரிந்தும். முகமூடியைக் கையில் கொடுத்தேன், தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி மோந்து பார்த்து "நாறுது" என்றாள். சிரித்தார்கள். நான் செய்தது தப்பு என்று சொன்னேன். பெரியவர்கள் சொன்னார்கள் என்று சொல்லவில்லை.

ஆஸ்கர் என்ற பையன் கையைத் தூக்கினான். "நிஜமாவே கெட்டவன் வந்தா நீங்க எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஜூனி அந்த நேரம் நர்ஸ் அறையில் இருந்தாள். வர விருப்பமில்லை என்று சொல்லியிருந்தாள். கட்டாயப்படுத்தவில்லை. சரிதான்.

19 மார்ச், செவ்வாய்

பாய்லருக்குப் புது மோட்டார். ஆஸ்கர் நடைவழியில் முஷ்டியை நீட்டினான். என் முஷ்டியால் இடித்தேன். பின்னால் வந்த இரண்டு பேரும் நீட்டினார்கள்.

11 ஏப்ரல், வியாழன்

புது விதத்தில் முதல் ஒத்திகை. நேற்றே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். பூட்டினார்கள், விளக்கை அணைத்தார்கள், ஆறு நிமிடம் அமைதியாக இருந்தார்கள். முடிந்ததும் சாப்பாட்டுக்குப் போனார்கள். ஒருவரும் அழவில்லை, இந்த முறை அழ எதுவுமில்லை. ஸ்ட்ராட்டன் என்னிடம் வந்து, "நல்லா நடந்துச்சு, இல்ல?" என்றார். நல்லாத்தான் நடந்தது.

மதியம் மிஸ் ஆல்ட்மன் ஒன்பதாம் அறையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போகச் சொன்னாள். டெசா ஜூனியைத் தன் அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாளாம். திங்கட்கிழமையே போய்விட்டார்கள். எனக்குத் தெரியாது.

நாற்காலி என் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு கையால் தூக்கிக் கிடங்கில் வைத்தேன். முதுகுப்பலகையில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது, அவளே எழுதியது, ஒரு எழுத்து தலைகீழாக. அடுத்த பிள்ளைக்காக அதை எடுத்தாக வேண்டும். நகத்தால் சுரண்டினேன். பாதிதான் வந்தது. மீதியை நாளைக்கு வெந்நீர் வைத்துப் பார்க்க வேண்டும்.