ஒட்ட வெட்டிய நகம்

என்னங்க,

நீங்கள் அனுப்பிய விவாகரத்துத் தாள்களில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். தையல் மெஷின் மேலேயே வைத்துப் போட்டேன்.

உங்கள் அலமாரியைக் காலி செய்தபோது சட்டைகளுக்கு அடியில் பிரிக்காத கையுறைப் பெட்டியும் ஒரு ஜெல் ட்யூபும் கிடைத்தன. கூடவே, டாக்டரிடம் கேட்டு நீங்கள் எழுதி வைத்த சீட்டு. 'நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ஜெல் தாராளமாக. அவசரமே கூடாது. வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால் வேண்டவே வேண்டாம்.' கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தீர்கள்: 'அவளுக்கும் மனசு இருந்தால் மட்டும்.'

அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டீர்கள். "புராஸ்டேட் சுரப்பியைப் பின்பக்கமா உள்ளேருந்து விரலால மெதுவா அழுத்தினா ஆம்பளைக்கு சுகமா இருக்குமாம். நீ செய்வியா?"

முடியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் சிரித்தேன். அதோடு விட்டேனா? உங்கள் அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் உங்கள் அண்ணன், "என்னடா, உடம்புல வேற எடமே கெடைக்கலையா?" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினீர்கள். அதற்குப் பிறகு என் முன்னால் சட்டைகூட மாற்றவில்லை.

துணியில் மடிப்பு கீற வேண்டும் என்று இத்தனை வருஷம் நகம் வளர்த்தேன். நேற்று எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டேன். இப்போது மடிப்பு நிற்கவில்லை. காலையிலிருந்து ஒரே மடிப்பை விரல் நுனியால் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.

மெதுவாகத்தான் அழுத்துகிறேன்.

இந்தத் தாள் உங்கள் கைக்கு வரும் வரை,
உங்கள் மனைவி