இடப்பக்கம் இருந்தது யாருடைய வரி?

20 ஜூலை 2025, ஞாயிறு, காலை 6.40
குறிப்பு 1: இணைய மறுக்கும் கோப்பு

நூம்பல் பொன்னியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளைக் கணித்து அறிவிப்பு தயாரிக்கும் சிறு நிரலை நானும் ரகுநாதனும் எழுதினோம். அம்பத்தூரில் ஒரே தொழிற்சாலையின் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் நாங்கள். விதி: ஆடி மூன்றாம் ஞாயிறு. இவ்வாண்டு அது பதினெட்டாம் பெருக்கன்று வருகிறது. வரட்டும், விதி விதியே என்றேன். அவன் அடுத்த ஞாயிறு என்கிறான். "பெருக்கன்னிக்கு ஊர்ல எவன் கீறான்? பொம்பளைங்க அல்லாம் அம்மா ஊட்டுக்குப் பூடும். அண்டா கூழையும் நீயே குடி மாமே!" அன்றிலிருந்து பேச்சில்லை. இருவரும் தனித்தனியே கோப்பைத் திருத்தியிருக்கிறோம். இன்று இணைக்க முயன்றால் முரண்பாடு என்கிறது கணினி.

22 ஜூலை 2025, செவ்வாய், மாலை 5.15
குறிப்பு 2: ஒப்பீட்டு முறை

கோப்பின் வடிவங்களை விம் என்ற திருத்தியில் அருகருகே திறந்தேன். இடப்பக்கம் லோக்கல், நடுவே பழையது, வலப்பக்கம் ரிமோட், கீழே முடிவு. வேறுபடும் வரிக்கு நிறம் வருமாம். எல்லா வரிகளிலும் நிறம்! சென்ற வாரம் வரிகளின் இடைவெளிகளை நான் சீராக்கியதன் விளைவா? எது கருத்து வேறுபாடு, எது வெறும் இடைவெளி?

23 ஜூலை, புதன்

புரியவில்லை.

24 ஜூலை, வியாழன், காலை 10.20

லோக்கல் என்றால் என் கணினியில் உள்ளது. வேறென்னவாக இருக்க முடியும்? முழுவதையும் இடப்பக்கத்திலிருந்தே எடுத்துச் சேமித்து அனுப்பிவிட்டேன். அச்சகத்துக்கும் அதுவே போகும். என் விதி நின்றது. ஏனோ மகிழ்ச்சி இல்லை.

26 ஜூலை, சனி, காலை 9.05

ரகுநாதன் அழைத்தான்! "இன்னா மாமே, எறங்கி வந்துட்ட போலகீது? நோட்டீஸ் பாத்தேன், ஆகஸ்ட் பத்து. உனுக்கும் மனசு கீதுபா." நான் என்ன சொன்னேன்? "உம்" என்றேன். 

கோப்பைத் திறந்தால் என் இடைவெளிகள் ஒன்றுகூட இல்லை. மென்பொருள் பணியிலிருக்கும் மகள் அருள்மொழியைக் கேட்டேன்.

"எப்படி இணைச்சீங்க, மெர்ஜா, ரீபேஸாப்பா?"

"ரீபேஸ்."

"அதான்! அதுல பக்கம் மாறிடும். அவர் எழுதினதை அடியில வெச்சு, உங்களோடதை மேல ஒட்டும். லோக்கல்னு காட்டினது அவரோடது. நீங்க உங்களையே அழிச்சிருக்கீங்க!" சிரிக்கிறாள். "மாத்தித் தரட்டுமா?"

நாளை சொல்கிறேன் என்றேன்.

27 ஜூலை, ஞாயிறு

மாற்றினால் விதி பிழைக்கும். ரகுநாதன்? மறுபடி வாயை மூடிக்கொள்வானே— என்னதான் செய்வது?

3 ஆகஸ்ட், ஞாயிறு, காலை 11.00

பதினெட்டாம் பெருக்கு. எதிர்வீடு பூட்டு, பக்கத்து வீடு பூட்டு. கோயில் வாசலில் ஒரு நாய்.

11 ஆகஸ்ட் 2025, திங்கள், காலை 7.30

நேற்று அண்டா காலி. எனக்கென்று ஒரு தூக்கில் எடுத்துவைத்திருந்தான் ரகுநாதன். "குடி மாமே, உன்னால வந்த கூட்டம்" என்றான். தூக்கோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கம் மாறிய கதையை உள்ளபடி கடிதமாக எழுதி இன்று கொடுத்தனுப்பினேன். விட்டுக்கொடுத்தது நானா, கணினியா என்பது எனக்கே தெளிவில்லை. மாற்றாமல் விட்டது நான்தான் என்றும் எழுதியிருக்கிறேன்.

கடிதத்துடன் அனுப்பியவை:
1. தூக்கு, கழுவியது.
2. நிரலின் அச்சுப்படி. விதி அவனுடையது, மீண்டும் சீராக்கிய இடைவெளிகள் மட்டும் என்னுடையவை.