பிரேக் இல்லாத பால் ஸ்க்ரூ

நன்னிலம்,
20 ஜனவரி 2013

அன்பு மகன் ஃபாஜிலுக்கு அம்மா லத்தீஃபா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீ சார்ஜாவில் கை கால் சுகத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனா போகிறது, பழக்கம் அப்படி, ஆனால் இந்தத் தடவை அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. ஃபோனில் பேசலாமே என்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் "சரிம்மா, சரிம்மா, ஃபோர்மேன் வர்றாரு, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. மீரா உசேன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுசும் படி.

இந்தப் பால் ஸ்க்ரூ என்ற பேச்சு வீட்டுக்குள் வருகிறவரை எனக்கு ஸ்க்ரூ என்றால் கதவுக் கீலில் இருப்பதுதான். உன் அத்தா ரைஸ்மில் ஃபிட்டர் வேலையிலிருந்து நின்ற கையோடு தஞ்சாவூரில் வாங்கி வந்து கொல்லைக் கொட்டகையில் போட்டார்களே அந்தப் பழைய மில்லிங் மெஷின், அதைக் கம்ப்யூட்டர் சொன்னபடி ஓடவைக்கலாம், அறுவடை மெஷினுக்கெல்லாம் சாமான் செய்து கொடுக்கலாம் என்று ஆரம்பித்தது நீயும் உன் தங்கச்சி ஜஸீலாவும்தான். சோறு போடும்போதும் அதே பேச்சு என்பதால் எனக்கே பாதி புரிந்துவிட்டது. பழைய திருகில் ஆட்டம் இருக்கும், அளவு தப்பும், மரைக்கும் நட்டுக்கும் நடுவே சின்னச் சின்னக் குண்டுகள் உருளுகிற புதுத் திருகுதான் இந்தப் பால் ஸ்க்ரூ, இதில் ஆட்டமே இருக்காது, எண்ணெயில் விட்டது மாதிரி ஓடும். அந்த வழவழப்புதான் ஆபத்தும் என்று முதலில் சொன்னவள் ஜஸீலா. பக்கவாட்டில் ஓடுகிற இரண்டுக்கும் அது சரி, வெட்டுகிற உளியைப் பிடித்து மேலும் கீழும் போகிற தலை இருக்கிறதே, அதைப் பழைய திருகு விட்ட இடத்தில் நிறுத்திவைக்கும், இது வைக்காது, மோட்டார் பிடித்திருக்கிற வரைதான், கரண்டு போனால் அத்தனை கனமும் கீழே வந்துவிடும் என்றாள். "தலைக்கு ஒரு சுத்துக்கு அஞ்சு மில்லிமீட்டர் எறங்குற மரை போதும்ணே, பிரேக் வச்ச மோட்டார் கண்டிப்பா வேணும், இங்க கரண்டு நெலம ஒனக்குத் தெரியாது" என்று படித்துப் படித்துச் சொன்னாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நீ சொன்னதை நானும் கேட்டேன். "நீ படிச்சதோட சரி, நான் தெனம் மெஷின்ல நிக்கிறவன், பத்து மில்லி போட்டாத்தான் வேகம். பிரேக்கெல்லாம் தண்டம். பயமா இருந்தா அடியில ஒரு கட்டைய வைங்க" என்றாய். யாரையும் கேட்காமல் நீயே மூன்று திருகையும் எடுத்து ஆள் வசம் அனுப்பியும் வைத்தாய். அண்ணன் அனுப்பிவிட்டானே என்று அவளும் மாட்டினாள்.

கட்டை வைத்துத்தான் ஓட்டினார்கள் ஃபாஜில், உன் பேச்சை யாரும் தட்டவில்லை. அன்றைக்கு வேலை முடிந்து வெட்டுகிற உளி சுற்றுவதும் நின்றுவிட்டது, கட்டையை எடுத்தால்தானே அடியில் கிடக்கிற இரும்புத் துருவலைப் பெருக்க முடியும், உன் அத்தா கட்டையை எடுத்துவிட்டு பிரஷ்ஷை உள்ளே விட்டார்கள். கரண்டு போகிற நேரம் அது இல்லை. ஆனால் இங்கே கரண்டு நேரம் பார்த்தா போகிறது? ஃபேன் நின்றது, அடுத்த மூச்சில் கொட்டகையிலிருந்து உன் அத்தா கத்தினது கேட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷர் கத்தி நான் கேட்டதில்லை. நான் ஓடிப்போய்ப் பார்க்கையில் தலை கீழே உட்கார்ந்திருக்கிறது, கை அதற்கடியில் இருக்கிறது, ஜஸீலா இரண்டு கையாலும் மோட்டார்ச் சக்கரத்தைத் திருப்பித் தலையை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அறுவடை மெஷின் வைத்திருக்கிற பஞ்சநதம் அண்ணன் சாமான் வாங்க வாசலில் வந்து நின்றது அல்லாஹ்வின் உதவி, அவர் வேனில்தான் திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர்தான் "பாய், கண்ண மூடாதீங்க, எங்கிட்டப் பேசிக்கிட்டே வாங்க" என்று பேச்சுக் கொடுத்தார். வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணுவை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் இருக்கிறது, மடங்கவில்லை. நான் பிசைந்து ஊட்டுகிறேன். ஊட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று உனக்கு ஃபோன் போட்டேன். அத்தா கை மெஷினில் மாட்டிக்கொண்டது என்றேன். நீ கேட்ட முதல் கேள்வி எனக்குச் சாகிறவரை மறக்காது. "ஸ்க்ரூ வளஞ்சுருச்சாம்மா?" என்றாய். பதறிப்போய் வாயில் வந்தது என்று நீ சொல்லலாம். பதறினவன் வாயில் அத்தா என்றுதான் வரும். சரி, அதையாவது பொறுத்துக்கொண்டேன். மறுநாளே உன் மாமா அப்சருக்கு ஃபோன் போட்டு, ஜஸீலா ஏதோ தப்பாக அமுக்கியிருப்பாள், பொம்பளைப் பிள்ளைக்கு மெஷின் எதற்கு, விற்றுவிட்டு மாப்பிள்ளை பாருங்கள் என்று சொன்னாயாமே, அதை எப்படிப் பொறுப்பேன்? மாமா ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று, எல்லாரும் கேட்க அதைச் சொன்னான். அவள் வீட்டுக்கு வந்து கொட்டகையைப் பூட்டிச் சாவியை என் மடியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். தப்பு செய்தவன் அங்கே ஏசி ரூமில் இருக்கிறான், வேண்டாம் என்று தடுத்தவள் அத்தா கை என்னால்தான் போனது என்று அழுகிறாள். இது என்ன நியாயம்? மாமாவிடம் பேச உனக்கு ஃபோர்மேன் குறுக்கே வரவில்லை பார்.

மெஷினை விற்கத்தான் நானும் நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் உன் அத்தா வீட்டுக்கு வந்ததும் முதலில் என்னிடம் சாவியைக் கேட்டு வாங்கி, கட்டுப்போட்ட கையோடு போய் அவள் கட்டிலில் உட்கார்ந்து, "நீ சொன்னதக் கேக்காம போனோம், அதான் இப்புடி ஆச்சு. இப்ப யாரக் கேக்கணும்? நீ என்ன போடணும்னு சொன்னியோ அதப் போடு புள்ள" என்றார்கள். அவளே கோயமுத்தூரில் சொல்லி அஞ்சு மில்லி மரையும், கரண்டு போன உடனே தானே கவ்விப் பிடிக்கிற பிரேக் மோட்டாரும் வரவழைத்தாள். அது போதாதென்று தலையின் கனத்துக்குச் சரியாகப் பின்பக்கம் சங்கிலியில் இரும்பு எடையும் தொங்கவிட்டாள். எல்லாம் மாட்டின அன்றைக்கு நான் யாரையும் கிட்டே விடவில்லை, கட்டையும் வைக்கவிடவில்லை. தலையை உச்சிக்கு ஏற்றி நிறுத்தச் சொல்லிவிட்டு நானே போய் மெயினை அணைத்தேன். அசையவில்லை. போட்டு மறுபடி அணைத்தேன், அசையவில்லை. ஜஸீலா, "போதும்மா, மோட்டார் பாவம்" என்றாள். இத்தனைக்கும் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரிக்கப் பார்த்தேன். இப்போது சம்பா அறுப்பு, தண்ணீர் பற்றாமல் பாதிக்கு மேல் பதர் என்றாலும் அறுத்துத்தானே ஆகவேண்டும். பஞ்சநதம் அண்ணன் மெஷினில் உடைந்துபோன பேரிங் தகட்டை அவள் செய்து கொடுத்து அது வயலில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமா அப்சர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவள் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

தலைக்கென்று நீ அனுப்பின பத்து மில்லித் திருகை எண்ணெய் துடைத்து என் பழைய சேலையில் சுற்றி மீரா உசேன் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவன் கனம் கனம் என்று புலம்பினான், புலம்பட்டும். உன் அறையில் தினம் கண்ணில் படுகிற இடத்தில் வை. வந்து சேர்ந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். ஜஸீலாவுக்கு ஃபோன் போடு. முதல் வார்த்தை அத்தாவைப் பற்றி இருக்கட்டும், இரண்டாவது வார்த்தை நீ செய்தது தப்பு என்று இருக்கட்டும். மாமாவிடமும் அதையே சொல், அவளைப் பழித்த அதே வாயால் சொல். மெஷின் பேச்சை அவளாக எடுத்தால் பேசு, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிரு.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அங்கே நீ நிற்கிற மெஷினில் கை விடுமுன் ஒரு நிமிஷம் பார், எத்தனை கோபம் இருந்தாலும் அதை நினைக்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும், புத்தியை முதலில் தரட்டும்.

துஆவுடன்,
உன் அம்மா
லத்தீஃபா

உன் அத்தா கடைசியில் தன் கையால் இரண்டு வரி எழுதுகிறேன் என்று வந்து உட்கார்ந்தார்கள். பேனா விரலில் நிற்கவில்லை. "நான் ஸலாம் சொன்னேன்னு எழுது, ரொம்பத் திட்டாத" என்றார்கள். எழுதிவிட்டேன். எனக்கு இன்னும் தீரவில்லை.